எண்பத்தாறு வாக்குகள்

அன்புள்ள சார்,

பிரிட்டிஷ் தேர்தல் பற்றிய கட்டுரையில் ஸ்காட்லாந்தின் கிளைட் நதிமுகத்துக் கப்பல்கட்டும் ஊர்களை ‘லேபர் கட்சியின் கோட்டை’ என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அங்குள்ள இன்வர்கிளைட் தொகுதி 2015 முதல் 2024 வரை, ஸ்காட்லாந்துக்கு விடுதலை கோரும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியிடம் (எஸ்.என்.பி.) அல்லவா இருந்தது? தொழிலாளிகள் வர்க்க அரசியலை விட்டுத் தேசியத்துக்குப் போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

கே.

அன்புள்ள கே.,

‘கோட்டை’ என்று எழுதியது என் சோம்பல். ஆனால் உங்கள் முடிவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கிரீனக், போர்ட் கிளாஸ்கோ, கூராக் ஆகிய மூன்று ஊர்களும் நதியோரம் வரிசையாக இருக்கின்றன. கப்பல் கட்டும் தளங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகப் போயின. கிரீனக்கின் கடைசிச் சர்க்கரை ஆலை 1997-இல் மூடப்பட்டது. ஐ.பி.எம். தொழிற்சாலையும் நிலைக்கவில்லை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே அதிகம். லேபருக்கு ஓட்டுப்போடுவது அவர்களுக்குக் குடும்பப் பழக்கம் மாதிரி. இந்தப் பகுதியின் எம்.பி.யாக இருந்த டேவிட் கெய்ர்ன்ஸ் முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார். பாதிரிகள் எம்.பி. ஆகக்கூடாது என்ற பழைய சட்டத்தை, அவர் உள்ளே வருவதற்காகவே 2001-இல் திருத்தினார்கள். 2010-இல் அவர் 14,416 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அப்புறம் 2014-இல், ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து விடுதலை பெற வேண்டுமா என்ற வாக்கெடுப்பு. இன்வர்கிளைட்டில் ‘வேண்டாம்’ 27,329, ‘வேண்டும்’ 27,243. வித்தியாசம் வெறும் 86. இவ்வளவு சமமாக ஓர் ஊர் இரண்டாகப் பிரிந்தால் அந்தப் பிளவு லேபர் குடும்பங்களுக்குள்ளேயே ஓடியிருக்க வேண்டும். லேபரோ கன்சர்வேடிவ்களோடு ஒரே மேடையில் நின்று ‘வேண்டாம்’ என்றது. ‘வேண்டும்’ என்றவர்களால் மறுபடி அந்தக் கட்சிக்குத் திரும்ப முடியவில்லை. எட்டே மாதத்தில், 2015 பொதுத்தேர்தலில், எஸ்.என்.பி.யின் ரானி கவன் 24,585 வாக்குகளோடு ஜெயித்தார். லேபருக்கு 13,522.

இதோடு நிறுத்தினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2017 தேர்தலையும் பாருங்கள். கவன் 15,050-க்கு இறங்கினார். ஒன்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. லேபரின் மார்ட்டின் மெக்லஸ்கிக்குக் கிடைத்தது 14,666, அதாவது ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே கூடுதல். 384-இல் தோற்றார். மீதி எங்கே? கொஞ்சம் கன்சர்வேடிவ் பக்கம் போனது. ஆனால் பதிவான வாக்குகளே ஐயாயிரத்துக்கு மேல் குறைந்துவிட்டன. தேசியத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் இப்படியா நடந்துகொள்வார்கள்? பலர் கோபத்தில் ஒருமுறை போட்டுவிட்டு, அடுத்தமுறை வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு எஸ்.என்.பி. மேல் கோபப்படவும் காரணம் இருந்தது. போர்ட் கிளாஸ்கோவின் ஃபெர்குசன் தளத்தில் 2017 நவம்பரில் ‘கிளென் சானக்ஸ்’ என்ற ஃபெர்ரியை ஸ்காட்லாந்தின் அப்போதைய எஸ்.என்.பி. முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நீரில் இறக்கினார். அன்று கப்பலின் முகப்பில் ஜன்னல்கள் இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கருப்புப் பெயிண்டில் ஜன்னல் வரைந்துவைத்திருந்தார்கள்! 2019-இல் தளமே அரசுடைமையானது. கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில்தான். கட்டுகிற வேலை தெரிந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயிண்டைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்! ஆனாலும் 2019-இல் கவன் 7,512 வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021 ஸ்காட்லாந்து சட்டமன்றத் தேர்தலிலும் அங்கே எஸ்.என்.பி.தான். ஃபெர்ரி விவகாரம் மட்டுமே யாரையும் கவிழ்த்துவிடவில்லை.

2024-இல் அதே மெக்லஸ்கி மூன்றாவது முறையாக அதே கவனோடு மோதி ஜெயித்தார். இதை வைத்து ‘கோட்டை திரும்பிவிட்டது’ என்று எழுதலாமா? கூடாது. அது இன்வர்கிளைட்டோடு மேற்கு ரென்ஃப்ரூஷையரையும் சேர்த்த புதிய தொகுதி. பழைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது.

கட்டுரையில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். நன்றி.