ரெண்டு தடவ நீட் எழுதி ஓஞ்சுபோன தம்பிக்கு

தம்பி, உன் மெசேஜ் படிச்சேன். ரெண்டு வருஷம் ரிப்பீட்டர் பேட்ச், ரெண்டு தடவையும் சீட் இல்ல, இப்ப அப்பாவே போதும்டா வேற எதாவது சேந்துக்கோன்னு சொல்லிட்டாரு, ஆனா புக்க தொறந்தா ஒண்ணும் ஓடல, நாள் முழுக்க அவதார் த லாஸ்ட் ஏர்பெண்டர்தான் பாக்குறேன், நான் சோம்பேறி ஆயிட்டேனா மேடம்னு கேட்டிருக்க. உங்க அம்மாவும் தனியா போன் பண்ணி கார்ட்டூன் பாத்தே கெட்டுப்போறான்னு அழுதாங்க.

அந்த சீரிஸ் 2005ல இருந்து 2008 வரைக்கும் வந்தது, மொத்தம் 61 எபிசோட், நான் மூணு தடவ முழுசா பாத்திருக்கேன். தண்ணி, மண்ணு, நெருப்பு, காத்துன்னு ஒவ்வொண்ணையும் ஆளத் தெரிஞ்ச மனுஷங்களோட கதை, நாலையும் ஆளுறவன்தான் அவதார், அவன் பேரு ஆங். அதனால அதுலேர்ந்தே பேசுறேன்.

அதுல வர்ற நெருப்பு நாட்டு இளவரசன் ஸூக்கோவ எடுத்துக்கோ. 13 வயசுல பெத்த அப்பாவே மூஞ்சில நெருப்பு வச்சு நாட்ட விட்டு தொரத்துறாரு, அவதார புடிச்சிட்டு வந்தாதான் வீட்டுக்குள்ள சேத்துப்பேன்னு கண்டிஷன், அவனும் வருஷக்கணக்கா கடல் கடலா சுத்துறான், ரொம்ப நாளைக்கு இது நமக்கு வேணுமான்னே யோசிக்கல. மூணாவது சீசன் ஆரம்பத்துல வீட்டுக்கு போயிடறான், அப்பா வாயால பாராட்டும் கெடைக்குது, ஆனாலும் தூக்கம் வரல. நீ எழுதினியே, "சித்தப்பா பொண்ணு டாக்டருக்கு படிக்கிறா, அவங்க முன்னாடி ஜெயிச்சு காட்டணும்னுதான் படிச்சேன்"னு, அந்த வரிய படிச்சதும் எனக்கு ஸூக்கோதான் ஞாபகம் வந்தான்.

இப்ப அந்த சீசனோட 13வது எபிசோட திரும்ப பாரு. அப்பாவ எதுத்து பேசிட்டு ஆங் பக்கம் வந்துடறான், ஆங்குக்கு நெருப்ப ஆள சொல்லிக்குடுக்கணும், ஸூக்கோ கைய நீட்டுறான், சின்னதா ஒரு பொறிதான் வருது. இத்தன வருஷம் அவன் நெருப்பு எரிஞ்சதே கோவத்துல, இப்ப கோவம் போயிடுச்சு, கூடவே நெருப்பும் போயிடுச்சு. யாரும் அவன சோம்பேறின்னு சொல்ல முடியாதுல்ல? உனக்கும் அதான்பா நடந்திருக்கு. அடுத்தவங்களுக்கு காட்டணும்ங்குற வெறில ரெண்டு வருஷம் ஓட்டிட்ட, ரிசல்ட்டோட அந்த வெறி தீந்துபோச்சு, அதான் எந்த புக்க தொறந்தாலும் ஓடல.

அப்ப ஆங் கூட இருக்குற டாஃப்ங்குற பொண்ணு என்ன சொல்றா? ஆரம்பத்துல இந்த வித்தை யார்கிட்டேர்ந்து வந்துச்சோ அங்க போன்னு சொல்றா, ஏன்னா கண்ணு தெரியாத அவளுக்கு மண்ண ஆளக் கத்துக்குடுத்ததே மண்ணுக்குள்ள வாழுற மிருகங்கதான். ஸூக்கோவும் ஆங்கும் நெருப்ப ஆண்ட பழைய கூட்டத்தோட எடத்த தேடிப்போறாங்க, அங்க அழிஞ்சே போச்சுன்னு நெனச்ச டிராகன்கள பாக்குறாங்க, மனுஷனுக்கு நெருப்ப மொதல்ல கத்துக்குடுத்ததே அதுங்கதான், அந்த கலர் கலரா சுத்துற நெருப்ப பாத்தப்புறம்தான் நெருப்புன்னா எரிக்கிறது மட்டும் கெடையாது, அது உயிரும்தான்னு புரியுது.

நீ ஒரு வரில சொல்லிட்டு தாண்டி போயிட்ட விஷயத்துக்கு வரேன். எட்டாவது லீவுல பாட்டி வீட்ல கோழிங்களுக்கு வெள்ளக்கழிச்சல் வந்தப்ப, நீயா போய் விசாரிச்சு, மிச்சம் இருந்த குஞ்சுகளுக்கு சொட்டு மருந்து விட்டிருக்க. யாரும் சொல்லல, மார்க் கெடையாது, யாருக்கும் காட்டவும் இல்ல. எனக்கு உன் மெசேஜ்லயே பெரிய விஷயம் அதான்.

நம்ம தமிழ்நாட்டுல கால்நடை மருத்துவ பல்கலைக்கழகத்தோட பி.வி.எஸ்சி., அதாவது கால்நடை டாக்டர் படிப்பு, மாநில ஒதுக்கீட்டு சீட்டு ப்ளஸ் டூ மார்க்குலதான் குடுக்குறாங்க, அதுக்கு நீட் வேணாம். 15 சதவீதம் அகில இந்திய சீட்டுக்கு மட்டும்தான் நீட் மார்க். இன்டர்ன்ஷிப்போட சேத்து அஞ்சரை வருஷம். கட் ஆஃப் ஏறித்தான் இருக்கும், அத மறைக்க மாட்டேன், அதனால அத மட்டும் நம்பாத. ஓசூர்ல கோழியின தொழில்நுட்பம் பி.டெக். நாலு வருஷம் இருக்கு, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல பி.எஸ்சி. அக்ரியும் ப்ளஸ் டூ மார்க்குதான். ப்ராஸ்பெக்டஸ்ல வயசு வரம்பு, சப்ஜெக்ட் ரெண்டையும் நீயே படிச்சு பாத்துடு, யாரோ சொன்னாங்கன்னு விடாத.

அம்மாவுக்கு ஒண்ணு. ரெண்டு வருஷம் போச்சேன்னு சொன்னீங்கம்மா. அதே சீரிஸ்ல ஐரோன்னு ஒருத்தர், ஸூக்கோவுக்கு பெரியப்பா முறை. பா சிங் சேங்குற ஊர புடிக்க 600 நாள் முற்றுகை போட்டு தோத்தவரு, பெத்த மகனையும் அங்கதான் பறிகுடுத்தாரு. பின்னாடி அதே ஊர்லயே டீக்கடை போடுறாரு, வர்றவங்களுக்கு மனசார டீ போட்டுக் குடுக்குறாரு. உங்க பையனுக்கு 19 வயசுதான்மா. கொஞ்ச நாளைக்கு சித்தப்பா பொண்ணு பேச்ச மட்டும் வீட்ல எடுக்காதீங்க, அது ஒண்ணு போதும்.

தம்பி, இப்பவே அப்ளிகேஷன் போடாத, கடைசி தேதிக்கு டைம் இருக்கான்னு மட்டும் பாத்து வச்சுக்கோ. உங்க ஊர் கால்நடை மருந்தகத்துல டாக்டர்கிட்ட பர்மிஷன் கேட்டு பத்து நாள் காலைல போய் ஓரமா நில்லு, மாட்ட எப்படி புடிக்கிறாங்க, ஊசி எங்க போடுறாங்க, ஆடு கொண்டு வந்த அம்மா என்ன கேக்குறாங்கன்னு பாரு. நாத்தம் தாங்கல ஓடிவரணும்னு தோணுச்சுன்னா அதையும் அப்படியே எழுதி அனுப்பு, வேற எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்.