இங்கிலீஷ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியில் நம் கேரளப் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை என்ற பெயரைப் பார்த்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நானும் அந்தப் பக்கம்தான். வேலந்தாவளம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. இங்கே கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டு பக்கத்தில் குடியேறி 16 வருடம் ஆகிறது.

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். டிசம்பர் குளிரில் வந்து இறங்கி மூன்று மாதம் ஆகிறது. மனைவி ஊரில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறீர்கள், வாசலில் கைகுலுக்குகிறார்கள், ஆனால் ஒருவரையும் தெரியாது. போன வாரம் ஒரு பெரியவர் 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸில்', அதாவது இங்கே இருக்கிற கத்தோலிக்க ஆண்கள் சேவைச் சங்கத்தில், சேருகிறீர்களா என்று கேட்டு ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். "எனக்குப் பாடத் தெரியாது, பேசத் தெரியாது அண்ணா. ஊரில் தேர்த் திருவிழாவுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் கட்டியதைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை. இங்கிலீஷ் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சேரலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?" இதுதான் கேள்வி.

சரியில்லை தம்பி. காத்திருக்காதீர்கள். இதே சீட்டை எனக்கும் கொடுத்தார்கள். அதை பைபிளுக்குள் வைத்துவிட்டு, இங்கிலீஷ் தேறட்டும் என்று நான்கு வருடம் இருந்தேன். அந்த நான்கு வருடமும் பூசை முடிந்ததும் முதல் ஆளாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் நான்தான். ஊர் பழகவில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகுவதற்கு நான் நின்றதே இல்லை.

எங்கள் அப்பாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவருக்கு சைக்கிள் கடை. எங்கள் ஆலயப் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்தார். உங்கள் பங்கிலும் இருக்கும். ஞாயிறு கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும், எல்லாரும் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அந்தக் காசில் அரிசி வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டு பேராகக் கஷ்டப்படுகிற வீடுகளுக்குப் போவார்கள். சின்ன வயதில் நானும் அப்பா பின்னால் போயிருக்கிறேன். அப்பாவுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை பேச வராது. கூடப் போகிறவர்தான் பேசுவார், ஜெபம் சொல்வார். அப்பா சட்டைப்பையில் ஒரு ஸ்பேனரும் சின்ன ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருப்பார். கிளம்புகிற நேரத்தில் அந்த வீட்டுக் கதவை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். தாழ்ப்பாள் தளர்ந்திருந்தால் குந்தி உட்கார்ந்து முறுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்திருப்பார். தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்கு இராத்திரியில் நிற்கிற தாழ்ப்பாள் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

அந்தச் சபையைப் பாரிஸில் 1833-ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஃபிரெடெரிக் ஓசானாம். அப்போது அவருக்கு 20 வயது, சட்டம் படிக்கிற மாணவர். 1997-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளர் ஆக்கினார், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி அது. அப்பாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தாழ்ப்பாளைத் தெரியும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். வருமானச் சான்றுக்கோ பென்ஷனுக்கோ போனால் விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கும். எங்கள் தெருப் பாட்டிமார்களுக்குத் தமிழே கையெழுத்து அளவுக்குத்தான். அதனால் எட்டாவது படிக்கிற என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வில்லேஜ் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து நான் தமிழில் கேட்டு மலையாளத்தில் எழுதுவேன். அதில் ஒன்று கவனித்திருக்கிறேன். காகிதத்தைக் கையில் வாங்கியதும் அவர்கள் முகம் மாறும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், படிப்பது மாதிரி. தெரியாது என்று சொல்லக் கூச்சம். அந்த நேரத்தில் "கொடுங்க பாட்டி" என்று பிடுங்கக் கூடாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டி, உங்க பேரு சொல்லுங்க" என்று தொடங்கினால் முகம் தெளிந்துவிடும்.

இதை ஒரு திறமை என்று நான் நினைத்ததே இல்லை. எந்த பயோடேட்டாவிலும் எழுதினதில்லை.

ஐந்தாவது வருடம் ஒரு நவம்பர் சனிக்கிழமை, பங்கு மண்டபத்தில் குழந்தைகளுக்குக் குளிர்கோட்டு கொடுத்தார்கள். 'கோட்ஸ் ஃபார் கிட்ஸ்' என்று நைட்ஸ் வருடா வருடம் செய்கிற வேலை. பெட்டி பெட்டியாக வரும், புதுக் கோட்டுகள். நான் வேறு எதற்கோ போனவன், ஆள் குறைவு என்று பெட்டி பிரிக்க நிறுத்திவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், இந்தப் பக்கம் வரிசை. பிள்ளையின் வயதும் அளவும் எழுத ஒரு சின்னச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். ஈக்வடாரிலிருந்து வந்து சில வாரம்தான் என்று பிறகு தெரிந்தது. சீட்டைக் கையில் வாங்கினார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

எனக்கு அந்தக் கை தெரியும் தம்பி. வில்லேஜ் ஆபீஸ் திண்ணையில் நூறு தடவை பார்த்த கை அது. மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டேன், பக்கத்தில் இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன். எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயரைச் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் பெயரைச் சொன்னார். பெரியவனின் தோளில் ஒரு கோட்டை வைத்துப் பார்த்தோம், கை நீளமாக இருந்தது, அடுத்ததை எடுத்தோம். சின்னவள் பச்சை வேண்டாம் என்று தலையாட்டினாள். சீட்டை நானே எழுதினேன். பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் நேராக என் நாற்காலிக்கு வந்தார்கள்.

அன்று மதியம் அந்த கவுன்சிலின், அதாவது சங்கத்தின் உள்ளூர்க் கிளையின், தலைவரான கிராண்ட் நைட், வயதானவர், என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த வருடமும் வருகிறாயா? வீட்டுக்குப் போய் பைபிளைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தேன்.

மத்தேயு 25-ல், எஜமான் தன் பணத்தை ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற தாலந்து உவமை நமக்கு மனப்பாடம். ஒரு தாலந்து வாங்கியவன் மண்ணைத் தோண்டிப் புதைத்தான். அவனுக்குக் கிடைத்தது கொஞ்சம், அதனால்தான் புதைத்தான் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கூலிவேலை செய்கிறவனுக்கு அது இருபது வருடச் சம்பளம். அவனுக்கும் நிறையத்தான் கொடுத்திருக்கிறார் எஜமான். அவன் சொல்கிற காரணம் என்ன? "எனக்குப் பயமாக இருந்தது." என்னிடம் இருந்ததும் அதே காரணம்தான்.

இனி இந்தச் சங்கம் என்ன என்று சொல்கிறேன். அதன் பிறப்பே நம்மைப் போல வந்தேறிய ஜனங்களுக்காகத்தான். 1880-களில் இங்கே ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்குக் கிடைத்தது ஆபத்தான தொழிற்சாலை வேலை. சம்பாதிக்கிறவர் செத்தால் குடும்பம் சிதறும், பிள்ளைகளை ஆளுக்கொரு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நியூ ஹேவனில் புனித மரியா ஆலயத்தின் உதவிப் பங்குத்தந்தை மைக்கேல் மக்கிவ்னி, தானே 13 பிள்ளைகளில் மூத்தவர், குருமடத்தில் படிக்கும்போதே அப்பாவை இழந்தவர். 1882-ல் ஒரு குடும்பத்தில் தகப்பன் இறந்து, மகனுக்குப் பொறுப்பாளர் இல்லாவிட்டால் நீதிமன்றம் அவனைப் பிரித்துவிடும் என்ற நிலை. எழுந்து நின்று நான் பொறுப்பு என்று சொன்னவர் அவர். அதே வருடம் மார்ச் 29-ல் அவர் தொடங்கிய நைட்ஸ் ஆஃப் கொலம்பஸுக்கு மாநில அரசின் சாசனம் கிடைத்தது. ஆள் இறந்தால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பணம் போய்ச் சேர எல்லாரும் பங்கு போடுவது என்பதுதான் அடித்தளம். அவர் 1890-ல் நிமோனியாவில் இறந்தபோது வயது 38. 2020 அக்டோபர் 31-ல் எங்கள் ஹார்ட்ஃபோர்டு பேராலயத்தில் அவரை அருளாளராக அறிவித்தார்கள். அவர் கல்லறை நியூ ஹேவனில் அதே ஆலயத்துக்குள் இருக்கிறது. மெரிடனில் இருக்கிறீர்கள் என்று எழுதினீர்களே, உங்களுக்கு ரொம்பப் பக்கம். ஒரு சனிக்கிழமை போய் முழங்காலிட்டு வாருங்கள்.

ரகசியச் சங்கமா என்று உங்கள் அத்தை பயந்ததாக எழுதியிருந்தீர்கள். மேசன் மாதிரி ரகசியச் சங்கங்களைத் திருச்சபை தடை செய்திருந்ததால், கத்தோலிக்க ஆண்கள் அங்கே போகாமல் இருக்க ஒரு இடம் வேண்டும் என்பதும் அருட்தந்தை மக்கிவ்னியின் எண்ணம். முன்பு சேர்க்கைச் சடங்கு உறுப்பினர்களுக்கு மட்டும்தான். 2020-லிருந்து குடும்பமும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரே சடங்காக வைத்துவிட்டார்கள். ஈகை, ஒற்றுமை, சகோதரத்துவம் என்ற சங்கத்தின் மூன்று கொள்கைகளும் அதிலேயே வந்துவிடும். கையில் ஒரு செபமாலை கொடுப்பார்கள். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

18 வயது முடிந்த, விசுவாசத்தைக் கடைப்பிடிக்கிற கத்தோலிக்க ஆண் சேரலாம். நான் சேரும்போது வேலை விசாவில்தான் இருந்தேன். காப்பீடு எடுக்கச் சொல்லி ஆள் பேசுவார். அது நல்ல விஷயம்தான், ஆனால் கட்டாயமில்லை, சேர்வது வேறு, பாலிசி வேறு. ஆண்டுச் சந்தா கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேலை விசாவில் இருக்கும்போது பங்கில் யாருக்காவது மைக் கட்டிக் கொடுத்ததற்கு அன்பாக 50 டாலர் நீட்டினால் வாங்காதீர்கள். சேவைக்குப் பிரச்சினை இல்லை, கூலி வாங்கினால் வேறு கதை. மனைவி வந்த பிறகு அவருக்கும் இடம் வேண்டும் என்றால், இங்கேயும் பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. பெண்களும் உண்டு.

முதல் கூட்டம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். அறிக்கையை வேகமாக வாசிப்பார்கள், ஐந்து பேர் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள், எதற்கு என்று புரியாது. என்னையும் முதல் மாதங்களில் ஒருவர் கூட்டம் முழுக்கக் கவனிக்கவே இல்லை, எனக்கு முன்னாலேயே என் பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனசு வலித்தது. அப்புறம் ஒரு பனிக்காலத்தில் இரண்டு பேருமாக ஒரு விதவை வீட்டுப் படியில் பனி வாரினோம், அதிலிருந்து அவர் என் பெயரைச் சரியாகச் சொல்கிறார். அதனால் கூட்டத்தில் தொடங்காதீர்கள். வேலையில் தொடங்குங்கள். கை வேலை செய்யும்போது இங்கிலீஷ் தன்னால் வரும். பக்கத்தில் நிற்கிறவர் "அதை எடு, இதைப் பிடி" என்றுதானே சொல்லப் போகிறார்.

உங்கள் மைக் செட் பற்றி. அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். கூம்பு ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டி, நாலு தெருவுக்கும் ஜெபமாலை கேட்கும்படி செய்தவர் நீங்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மண்டபத்தில் மீன் பொரித்துச் சாப்பாடு போடுகிறோம். இறைச்சி விலக்கு நாள் என்பதால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அதற்கு முன்னால் சிலுவைப் பாதை, இயேசுவின் பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாகத் தியானிக்கிற ஜெபம். அந்த மண்டபத்து மைக் கரகரவென்று இரைகிறது. கடைசி வரிசையில் உட்காருகிற வயதானவர்கள், காதில் கருவி வைத்தவர்கள், ஒரு ஸ்தலத்தைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. இரண்டு வருடமாக எல்லாரும் இதைப் பற்றிப் பேசுகிறோம். எங்களில் ஒருவருக்கும் எந்த ஒயரை எங்கே தொடுவது என்று தெரியாது. சுவருக்குள் இருக்கிற வயரிங்கில் கை வைக்க வேண்டாம், அதற்கு இங்கே லைசென்ஸ் வேண்டும், கரண்டும் 120 வோல்ட், நம் ஊர் மாதிரி 230 இல்லை. மைக், கேபிள், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வைக்கிற இடம், இவ்வளவு போதும்.

இந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் மெரிடன் வழியாகத்தான் வருகிறேன். அட்ரஸை அனுப்புங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது, அப்பாவுடையது. பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், சமையல்கட்டுப் பக்கம் தரையெல்லாம் எண்ணெயாக இருக்கும்.