வேளாங்கண்ணிக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்களே, பிறகு 'இயேசு மட்டுமே வழி' என்பது எப்படி?

வரவேற்பு வேறு, மீட்பைப் பற்றிய போதனை வேறு. செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி கட்டி நடந்து வரும் இந்துக் குடும்பங்கள் மொட்டை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அப்படியே நாகூர் தர்காவுக்கும் போவதுண்டு. மாதா கோயிலில் யாரும் மதம் கேட்பதில்லை. டெல்டாவின் அழகே அதுதான் என்பேன்.

ஆனால் "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" (யோவான் 14:6) என்பதைத் திருச்சபை கைவிடவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய புராட்டஸ்டண்ட் ஊழியர் சீகன்பால்குவும் அதையே போதித்தார்.

கத்தோலிக்கருக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனசாட்சிப்படி வாழ்பவரும் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பொதுக்கூட்டம்) சொன்னது. அந்த மீட்பும் கிறிஸ்து வழியாகவே வருகிறது என்பது அதன் போதனை. எல்லா மதங்களும் சமமான பாதைகள் என்னும் பன்மைவாதத்திலிருந்து இது விலகுவது இந்த இடத்தில்தான்.