கிட்டாரும் சரளி வரிசையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கு வயது 47. கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. மகன் வேலைக்கு வெளியூர் போனபோது அவனுடைய கிட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டான். பீரோ மேலிருந்து எடுத்துத் துடைத்தபோது, நாம் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியது. ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே, ஐந்து கோட்டில் புள்ளிகளாக இசையை எழுதிய நோட்டேஷன் புத்தகத்தைக் கொடுத்து, இதைப் படிக்கத் தெரியாமல் கிட்டார் வராது என்றார்கள். சின்ன வயதில் நான்கு வருடம் பாட்டு கற்றிருக்கிறேன். ஆனாலும் அந்தப் புள்ளிகள் மனதில் நிற்கவில்லை. பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் மளமளவென்று படிக்கிறார்கள். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். இப்போது இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். விரல் வலிக்கிறது. சத்தமும் அடைத்துக்கொண்டு வருகிறது. நோட்டேஷன் தெரியாமல், இந்த வயதில், இது எனக்கு வருமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வரும்.

நான் தொடங்கியது 39 வயதில். எனக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் கொடுத்தார்கள். அது நல்ல புத்தகம்தான், கொடுத்த நேரம்தான் தவறு என்பது பிறகு புரிந்தது. பியானோவில் ஒரு புள்ளிக்கு ஒரு கட்டை. கிட்டாரில் அப்படி இல்லை. மெல்லிய முதல் கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் அதே ஒலி இரண்டாம் கம்பியின் 5வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த சின்னக் கம்பிகளில், தலைப்பக்கமிருந்து எண்ணி ஐந்தாவதில்) இருக்கிறது, மூன்றாம் கம்பியின் 9வதில் இருக்கிறது, நான்காம் கம்பியின் 14வதிலும் இருக்கிறது. தாளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி. விரலை எங்கே வைப்பது என்பது கை பழகியவருக்குத்தான் தெரியும். பழகாத கைக்கு அந்தத் தாள் இரட்டைச் சுமை.

நான்கு வருடம் பாட்டு கற்றதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். உங்கள் பாட்டு வாத்தியார் முதல் நாளில் புத்தகத்தையா கொடுத்தார்? அவர் பாடியிருப்பார், நீங்கள் திருப்பிப் பாடியிருப்பீர்கள். நோட்டில் ஸரிகம எழுதிக்கொண்டது மறக்காமல் இருக்க. கிட்டாரையும் அந்த வழியிலேயே தொடங்கலாம்.

இன்று இரவே செய்து பாருங்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறார்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒரு ஸ்வரஸ்தானம். ஏதாவது ஒரு கம்பியை அழுத்தாமல் மீட்டி அதை ஸட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக, வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கம்பியில் 1, 4, 5, 7, 8, 11, கடைசியாக 12வது ஃப்ரெட்டில் மேல் ஸட்ஜம். வாயால் பாடிக்கொண்டே அழுத்துங்கள். மாயாமாளவகௌளை ராகம். நீங்கள் சிறுமியாக இருந்தபோது பாடிய அதே சரளி வரிசை. விரல் ஒரு ஃப்ரெட் தவறினால் யாரும் சொல்ல வேண்டாம், உங்கள் காதே சொல்லிவிடும். ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் இதில் வராது, வெறும் ஸ்வரம்தான். கம்பியை இழுத்தும் வழுக்கியும் கிட்டாரில் கர்நாடக சங்கீதமே வாசிக்கிற ஆர். பிரசன்னா போன்றவர்கள் இருக்கிறார்கள், அது நெடுந்தூரப் பயணம். நமக்கு இப்போது காதும் விரலும் ஒன்றையொன்று அறிந்துகொண்டால் போதும்.

எழுத்தில் ஒரு துணை வேண்டுமென்றால் டேப் (tab) என்ற எழுத்துமுறை இருக்கிறது. ஆறு கோடு, ஆறு கம்பி. மேல்கோடு மெல்லிய கம்பி. கோட்டின் மேல் இருக்கும் எண், அழுத்த வேண்டிய ஃப்ரெட். பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். இது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பெயினின் வலென்சியா நகரில் லூயிஸ் மிலான் என்ற கலைஞர், கிட்டாரின் உறவுக்கார வாத்தியமான விஹுவேலாவைப் புதிதாகக் கற்பவர்களுக்காக 1536ல் அச்சிட்ட புத்தகமே இப்படி ஆறு கோட்டில் எண்களாகத்தான் இருக்கிறது. இன்றைய டேப் போலவே அதிலும் மேல்கோடுதான் மெல்லிய தந்தி. ஆனால் ஒன்று, இணையத்தில் கிடைக்கும் டேப்களில் பெரும்பாலும் தாளக் கணக்கு இருக்காது. ஆகவே நன்றாகக் கேட்டுப் பழகிய பாட்டை மட்டும் எடுங்கள்.

அப்புறம் கார்டு (chord), அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. ஏ மைனர், சி, ஈ மூன்று போதும், இரண்டு மாதத்துக்கு. ஏ மைனரிலிருந்து சி போக மோதிரவிரல் மட்டும் இடம் மாறினால் போதும், மற்ற இரண்டும் அங்கேயே இருக்கும். ஏ மைனரில் வைத்த மூன்று விரலையும் அப்படியே ஒரு கம்பி தடிமனான பக்கம் தள்ளினால் அது ஈ. மூன்று படங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த நகர்வைப் பிடித்துக்கொள்வது எளிது.

பெரியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. இடதுகை தடுமாறியதும் வலதுகையை நிறுத்தி, சரிசெய்துகொண்டு, மறுபடி தொடங்குவார்கள். கை அந்த நிறுத்தத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். நீங்கள் ஆதி தாளம் போட்டவர். ஸ்வரம் மறந்தாலும் தாளம் போடும் கையை நிறுத்தினால் வாத்தியார் விட்டிருப்பாரா? அதே விதிதான். கார்டு பாதி விழுந்தாலும், விழாமலே போனாலும், வலதுகை போய்க்கொண்டே இருக்கட்டும். மிக மெதுவாக, ஆனால் நிற்காமல்.

விரல் வலி மூன்று நான்கு வாரம் இருக்கும், நுனித்தோல் தடித்ததும் போய்விடும். நீங்கள் படும் வலியில் பாதி அந்தக் கிட்டாருடையது என்று நினைக்கிறேன். பல நாள் கிடந்த கம்பி துருப்பிடித்திருக்கும். கடையில் கொடுத்துப் புதுக் கம்பி போடச் சொல்லுங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாராக இருந்தால் மெல்லிய 10 நம்பர் செட் போதும். கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி அதிகமிருந்தால் அதையும் குறைத்துத் தருவார்கள். சத்தம் அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விரல் நிற்கும் இடம். ஃப்ரெட் கம்பியை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால், தலைப்பக்கமாக, அழுத்தினால் பாதி பலமே போதும்.

அந்தப் பத்து வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தாங்கள் வாசிப்பது நன்றாக இல்லை என்பது கேட்பதில்லை, அதனால் தயங்காமல் போகிறார்கள். உங்கள் காது நாற்பது வருடம் பாட்டுக் கேட்ட காது. கையோ இப்போதுதான் பிறந்திருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தத் தூரம்தான் உங்களை வருத்துகிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. திறமை இல்லை என்று நினைத்து ஒரு வருடம் கிட்டாரைத் தொடாமல் இருந்தேன். அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்க ஜாஸ் மேதை வெஸ் மாண்ட்கோமரி ஏறக்குறைய 20 வயதில்தான் ஆறு கம்பிக் கிட்டாரைத் தீவிரமாக எடுத்தார். நோட்டேஷன் படிக்கத் தெரியாதவர். ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றார். பிறர் தூக்கம் கெடக்கூடாதென்று கம்பியை மீட்டும் வில்லையான பிக்கை விட்டுக் கட்டைவிரலால் மீட்டத் தொடங்கினார், அந்த மென்மையான ஒலியே பின்னால் அவருடைய அடையாளமாயிற்று. எல்லாரும் தூங்கிய பிறகு நீங்களும் கட்டைவிரலால் மீட்டிப் பாருங்கள்.

நோட்டேஷன் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்க அது பெரிதும் உதவும், மேற்கத்திய செவ்வியல் கிட்டாருக்கோ கட்டாயம் வேண்டும். உங்களுக்கு அந்த ஆசை வந்தால் அப்போது கற்றுக்கொள்ளலாம். கை பழகியிருக்கும், புள்ளிகளும் அப்போது மனதில் நிற்கும்.

தினமும் பதினைந்து நிமிடம் போதும். எந்தப் பாட்டை வாசிக்க ஆசை என்று நீங்கள் எழுதவில்லையே. எழுதுங்கள். இந்த மூன்று கார்டுக்குள் அடங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.