ஜனவரிச் சம்பளச் சீட்டும் இடமாற்றக் கடிதமும்: ஆசிரியர் கேள்வி – பதில்

கேள்வி: 2026 ஜனவரியில் சம்பளம் கூடும் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கும் கூடியிருக்கிறது, ஆனால் என்னோடு ஒரே தரத்தில் கற்பிக்கும் தோழிக்கு என்னைவிட அதிகமாகக் கூடியிருக்கிறது. முன்பு சீட்டில் தனியாக இருந்த படிகள் சிலவற்றையும் காணவில்லை. எங்கே பிழை நடந்திருக்கும்?
(ஆசிரியை, கொட்டாஞ்சேனை)

பதில்: பிழை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம், சீட்டை வரி வரியாகப் பார்த்தால்தான் தெரியும். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, அதுவரை தனியாகக் கொடுத்து வந்த இடைக்காலப் படியும் விசேட படியும் அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டன. நீங்கள் தேடும் படிகள் இவையாக இருந்தால் அவை பறிபோகவில்லை, அடிப்படைச் சம்பளத்துக்குள் இருக்கின்றன. வாழ்க்கைச் செலவுப் படியான 17,800 ரூபா மட்டும் தனி வரியாகவே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள்.

உயர்வு முழுவதும் ஒரே தடவையில் கைக்கு வரவில்லை. 2025 ஏப்ரலில் ஒரு பகுதி வந்தது. எஞ்சிய பகுதி 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும் சம பங்குகளாக வருவதென்று தீர்மானிக்கப்பட்டது. ஆகவே இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டாம் கட்டம். தோழிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றத் திகதி ஜனவரியில் விழுந்திருப்பது காரணமாக இருக்கலாம். சம்பள ஏற்றம் நியமனத் திகதியைப் பின்பற்றி வருவதால், ஒரே தரத்தில் இருப்பவர்களும் ஒரே படிநிலையில் இருப்பதில்லை. உங்கள் ஏற்றத் திகதி கடந்தும் தொகை சேரவில்லையென்றால், அதற்கான படிவம் பாடசாலையிலிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போன திகதியை அதிபரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கற்பித்த காலத்தில் என் சம்பள ஏற்றப் படிவம் ஓர் அலுவலகத்தில் பதினான்கு மாதம் கிடந்தது. கார்பன் தாள் வைத்து எழுதிய பிரதியைப் பாதுகாக்காதது என் தவறு; எப்போது கொடுத்தேன் என்று கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் சங்கக் கிளைச் செயலாளர் பாடசாலையின் அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டி, மங்கிய நீல மையில் இருந்த ஒற்றை வரியைக் கண்டுபிடித்த பிறகுதான் நிலுவை வந்தது.

கட்டம் கட்டமாகக் கொடுப்பது ஆசிரியர்களுக்குப் புதிதன்று. 2021இல் பல மாதம் நீடித்த போராட்டத்தின் பின், சம்பள முரண்பாட்டுக்கான தீர்வில் மூன்றிலொரு பங்குதான் 2022 ஜனவரியில் வந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26ஆம் திகதி கொழும்புக் கோட்டையில் திரண்டவர்கள் மீது நீர்த்தாரை பாய்ந்தது. 2027 ஜனவரிப் பங்கையும் சங்கங்கள் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: வருடாந்த இடமாற்றப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. பதிலாசிரியர் வரும் வரை இங்கேயே இருக்கலாம் என்று அதிபர் வாய்மொழியாகச் சொல்கிறார். மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். இருந்துவிடலாமா?
(ஆசிரியர், வெள்ளவத்தை)

பதில்: வாய்மொழியை நம்பி இருக்க வேண்டாம். அதிபர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நாளை அவருக்கே இடமாற்றம் வந்தால் அந்தச் சொல்லுக்குச் சாட்சி யார்? பழைய பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் நீங்கள் நாள்தோறும் ஒப்பமிட்டாலும், இடமாற்றம் நடைமுறைக்கு வந்த திகதிக்குப் பின் உங்கள் சம்பளம் எந்தப் பாடசாலையின் பட்டியலில் வரும் என்ற சிக்கல் எழும். இடையில் மாட்டிக்கொண்டு மாதச் சம்பளம் தடைப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இடமாற்றத்தை ஒத்திவைத்திருப்பதாக அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட்ட கடிதம் கைக்கு வர வேண்டும். தேசியப் பாடசாலையென்றால் அது கல்வி அமைச்சின் பொறுப்பு. மாகாணப் பாடசாலையென்றால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு. ஆசிரியர் இடமாற்றத்துக்கு அடிப்படையாக உள்ளது 2007/20 இலக்கச் சுற்றறிக்கை. இடமாற்றச் சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு என்பதால், மேன்முறையீட்டின் பிரதியொன்றை உங்கள் சங்கத்திடம் உடனே ஒப்படையுங்கள். மகளின் பரீட்சையைக் காரணமாக எழுதும்போது பரீட்சைக்குத் தோற்றும் ஆண்டு, பாடசாலை, வீட்டிலிருந்து புதிய பாடசாலைக்கான தூரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, அத்தாட்சிகளை இணையுங்கள். கடிதம் வராவிட்டால், விடுவிப்புக் கடிதத்தைப் பெற்றுப் புதிய பாடசாலையில் கடமையேற்றுவிட்டு முறையீட்டைத் தொடர்வதே பாதுகாப்பானது.

அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் அரச சேவை ஆணைக்குழு, மாகாணப் பாடசாலையெனில் மாகாண அரச சேவை ஆணைக்குழு உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாத காலத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பின்னர் சட்டத்தரணியிடம் ஓடியவர்கள் பலர். கடிதம் கிடைத்த திகதியைக் கடித உறையிலேயே குறித்து வையுங்கள்.

கேள்வி: சென்ற வருடம் நியமனம் பெற்றேன். சங்கத்தில் சேர்ந்தால் சேவையில் நிரந்தரமாவதற்குத் தடை வருமென்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
(ஆசிரியை, தெமட்டகொடை)

பதில்: அம்மா அப்பாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தந்திருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 87ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது. தகுதிகாண் காலத்தில், அதாவது சேவையில் நிரந்தரமாகும் வரை, உங்களிடம் எதிர்பார்ப்பது ஒழுங்கான வரவு, கற்பித்தல், சித்தியடைய வேண்டிய பரீட்சைகள் ஆகியனவே. சந்தாவைச் சம்பளத்தில் கழிப்பதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எந்தச் சங்கத்துக்கு, எவ்வளவு என்று வாசித்த பிறகே ஒப்பமிடுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒப்பமிட வேண்டாம்.

கேள்வி: சென்ற வருடம் எடுக்காத அமைய லீவு இந்த வருடத்துக்குச் சேருமா?
(ஆசிரியர், மட்டக்குளி)

பதில்: சேராது. ஆசிரியருக்கு ஓர் ஆண்டுக்குரிய 41 லீவு நாட்களில் அமைய லீவு 21 நாள். டிசம்பர் 31ஆம் திகதியோடு அது முடிந்துவிடும். இந்த வருடக் கணக்கை லீவுப் பதிவேட்டில் தவணைக்கொரு தடவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.