சைகோன் கடிதத்தில் சொன்ன பட்டியல் எது?

கேள்வி: எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) சைகோனுக்குக் கொண்டுவிக்கப் (வியாபாரம் செய்யப்) போனவர். அங்கேயும் அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது, அப்பத்தா அதைப் பற்றிப் பேசவே விடமாட்டார்கள். போன மாதம் பெட்டகத்தைச் சுத்தம் செய்தபோது 1983-ல் வந்த ஒரு பிரெஞ்சுக் கடிதம் கிடைத்தது. புதுச்சேரியில் ஒருவரிடம் கொடுத்துப் படித்தோம். "பிரான்சுக்குப் போகும் பட்டியலில் எனக்கும் தம்பிக்கும் பெயர் வந்துவிட்டது, அம்மாவுக்கு வரவில்லை" என்று எழுதியிருக்கிறது. என்ன பட்டியல் இது? வியட்நாமிலிருந்து எல்லோரும் படகில்தானே தப்பித்தார்கள்?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, எல்லோரும் படகில் போகவில்லை. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் கம்யூனிஸ்ட் படைகளிடம் விழுந்த பிறகு லட்சக்கணக்கானோர் கடலில் இறங்கியது உண்மை. 1979 ஜூனில் மட்டும் 50,000 பேருக்கு மேல் பக்கத்து நாடுகளில் கரையேறினார்கள். இனி யாரையும் ஏற்க மாட்டோம் என்று அந்த நாடுகள் கைவிரித்துவிட்டன. எத்தனை பேர் கடலிலேயே இறந்துபோனார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்த நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தபோதுதான் 1979 மே 30-ல் ஐ.நா. அகதிகள் ஆணையமும் வியட்நாம் அரசும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன: குடும்பத்தோடு சேர விரும்புகிறவர்கள் சட்டப்படி, விமானத்தில் போகலாம்.

கடிதத்தில் வரும் பட்டியல் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான். ஆனால் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. யாரை வெளியே விடலாம் என்று வியட்நாம் ஒன்று எழுதும், யாரை ஏற்கலாம் என்று பிரான்சோ அமெரிக்காவோ இன்னொன்று எழுதும், இரண்டிலும் பெயர் இருப்பவருக்குத்தான் வழி சுலபம், ஒன்றில் மட்டும் இருந்தால் பேச்சுவார்த்தை, காத்திருப்பு, மறுபடி காத்திருப்பு. அப்படித்தான் பிள்ளைகள் பெயர் வந்து தாய் பெயர் வராமல் போகும். குடும்பத்தைச் சேர்க்கவென்று வந்த திட்டமே ஒரு வீட்டை இரண்டாக்கியது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. விண்ணப்பம் போட்டதற்காகவே வேலையை இழந்தவர்களும் உண்டு.

ஆரம்பத்தில் மெதுவாகத்தான் நடந்தது. படகில் போனவர்களைவிடச் சட்டப்படி போனவர்கள் அதிகம் என்ற நிலை முதல்முறையாக 1984-ல்தான் வந்தது. இந்த வழியில் 6 லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. அப்புறம் 1989-ல் படகில் வருகிறவர்களை ஏற்கும் கொள்கை மாறியது. படகில் வந்தாலே அகதி என்பது போய், ஒவ்வொருவரையும் விசாரித்துத்தான் ஏற்றார்கள், மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த அம்மாவுக்கு அடுத்த வருடமே அனுமதி கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கடிதத்தை உறையோடு பத்திரமாக வையுங்கள், அதில் இருக்கும் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு இந்திய செஞ்சிலுவைச் சங்கத்தைக் கேளுங்கள், பிரிந்த உறவுகளைத் தேடித் தரும் பிரிவு அவர்களிடம் இருக்கிறது. அந்த அண்ணன் தம்பியோ அக்கா தம்பியோ உங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) உடன்பிறந்தவர்கள்தானே, ஆச்சி. தேடுங்கள்.