காற்று இருக்கிறது, நீர் எங்கே போகிறது? – பாய்மரப் பந்தயக் கேள்வி பதில்

இருபத்திரண்டு ஆண்டுகளாக மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். முதல் ஆறு ஆண்டுகள் பிறர் படகில் கயிறு இழுத்தேன். இன்றும் எனக்குச் சொந்தப் படகு கிடையாது. சில பருவங்களாகப் பந்தயக் குழுவில் கொடி ஏற்றி இறக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. அமெச்சூர் பந்தயத் தொடர்கள், அவற்றின் தேசிய இறுதி, சர்வதேச இறுதி பற்றிக் கேளுங்கள் என்று மும்பைத் தமிழ் நண்பர்களிடம் சொன்னேன். கேட்டுவிட்டார்கள். கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் வசிக்கும் பகுதியைப் போட்டிருக்கிறேன். படகில் பிறந்தநாள் விருந்து நடத்த வாடகை எவ்வளவு என்று விசாரித்த நால்வருக்கு: ஆள் மாறி வந்துவிட்டீர்கள்.

முலுண்டு: வயது 34, கணினித் துறை. கடலில் கால் வைத்ததில்லை. எந்தப் படகு வாங்கினால் தேசிய இறுதி வரை போகலாம்?

எதையும் வாங்காதீர்கள். ஐந்து பேர் வேண்டிய படகுக்கு நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்ற நிலை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு படகில் இருக்கும். அந்த ஐந்தாவது ஆளாகப் போய் நில்லுங்கள். ஜே 24 படகில் ஐந்து பேர் ஏறலாம், ஆனால் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அந்த வகுப்பின், அதாவது அந்த மாதிரிப் படகுகளின், விதி. எங்கள் குழு ஒருமுறை எடை பார்ப்பதற்கு முந்தைய இரண்டு நாள் இட்லியைக்கூட எண்ணித் தின்றது. ஒல்லியாக இருந்து, நேரத்துக்கு வந்து, சொன்ன கயிற்றை இழுத்தால் உங்களைத் தேடி வருவார்கள். ஒரு பருவம் அப்படிப் போனபிறகு படகு வாங்கும் ஆசை இருந்தால் அப்போது பேசலாம். பருவம் என்பது இங்கே அக்டோபர் முதல் மே வரை. மழைக்காலத்தில் படகுகள் கரையேறிவிடும்.

மாட்டுங்கா: மகனுக்கு 11 வயது. இப்போதே சேர்க்கலாமா? உலகப் போட்டிக்கு வாய்ப்பு உண்டா?

சேர்க்கலாம் அம்மா. ஆப்டிமிஸ்ட் என்ற சிறு படகு, நீளம் 2.3 மீட்டர், ஒரே ஒரு பிள்ளை ஓட்டுவது. 15 வயது வரை அதில் போட்டியிடலாம். அந்த வகுப்பின் உலகப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் ஐந்து பேர்தான் போக முடியும். அதற்கான தேர்வு தேசிய அளவில், இந்தியப் பாய்மரப் படகுச் சங்கத்தின் கீழ் நடக்கிறது. நேத்ரா குமணன் சென்னையில் ஒரு கோடை முகாமில் தொடங்கியவர். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஆனால் உலகப் போட்டி என்ற சொல்லை வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். முதல் பருவத்தில் அவன் கவிழ்ந்த படகைத் தானே நிமிர்த்தினால் போதும். நீச்சலை இந்த வாரமே தொடங்குங்கள். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

வாஷி: என் தம்பி ஐந்து பந்தயத்தில் மூன்றில் முதலிடம். கோப்பையோ ஒன்றில்கூட முதலிடம் வராதவருக்குப் போனது. முறைகேடுதானே?

இல்லை. தொடரின் பந்தய அறிவிப்பை நீங்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய பட்டியல் இது. தம்பி: 1, 1, 1, 9, 10. மற்றவர்: 3, 3, 4, 3, 3. பாய்மரத் தொடர்களில் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும். குறைந்த கூட்டுத்தொகை வெல்லும். தம்பிக்கு 22, மற்றவருக்கு 16. கதை முடிந்தது.

வேறு ஏதும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு படகின் மிக மோசமான ஒரு புள்ளியைத் தள்ளிவிட்டுக் கூட்டுவதுதான் பொது விதி. அப்படிச் செய்திருந்தால் தம்பியின் 10 போய் 12 ஆகும். மற்றவரின் 4 போய் அவருக்கும் 12. சமநிலையில் தள்ளிய புள்ளியைத் தொடாமல், சிறந்ததிலிருந்து வரிசையாக ஒப்பிடுவார்கள். முதல் ஒப்பீட்டிலேயே 1 எதிர் 3. கோப்பை தம்பிக்கு வந்திருக்கும். ஆனால் உங்கள் தொடரின் அறிவிப்பில், ஆறு பந்தயம் முடிந்தால்தான் ஒன்றைத் தள்ளலாம் என்று எழுதியிருக்கிறதே! காற்று விழுந்து ஐந்தோடு நின்றுவிட்டது. ஆகவே தள்ளுபடி கிடையாது. ஐந்தாம் பந்தயத்தில் தம்பி துணிந்து தனியாக ஒரு பக்கம் போய்ப் பத்தாவதாக வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாவது நடக்குமா என்று தெரியாத நாளில் அப்படித் துணியக்கூடாது. பந்தய அறிவிப்பு, பந்தயக் குறிப்பு என்ற இரண்டு தாள்களைப் படித்தவன் அதைச் செய்யமாட்டான்.

காட்கோபர்: பந்தயம் தொடங்கத் துப்பாக்கி எப்போது சுடுவார்கள்?

தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி ஏறும், நான்கில் தயார்க் கொடி ஏறும், ஒன்றில் அது இறங்கும், பூஜ்யத்தில் கிளம்பவேண்டும். கொடிதான் கணக்கு. சத்தம் கேட்கவில்லை என்ற புகாரை யாரும் ஏற்கமாட்டார்கள்.

செம்பூர்: சென்னையில் நான்கு ஆண்டு ஓட்டியிருக்கிறேன். இங்கே வந்து எல்லாப் பந்தயத்திலும் பின்தங்குகிறேன். காற்று அதேதானே?

காற்று ஏறக்குறைய அதேதான். நீர் அது இல்லை. சென்னையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவு. இங்கே பெரிய ஓத நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்தில் துறைமுக வாயிலுக்குள் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போகவேண்டும். படகு பாயும் வேகத்தில் பாதியை நீரோட்டம் தின்றுவிடும்.

வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி மாட்டியிருப்பீர்கள் அல்லவா? அதில் திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் நண்பகல் சுமாருக்கு ஏற்றம் உச்சிக்கு வரும். பிறகு பிற்பகல் முழுவதும் வற்றம், அதாவது வடக்கிலிருந்து தெற்காக வெளியே இழுக்கும். நமது பந்தயங்கள் பெரும்பாலும் கடற்காற்று எழும் பிற்பகலில். மேல் குறி, அதாவது காற்று வரும் பக்கத்தில் நீங்கள் சுற்றவேண்டிய மிதவை, வடமேற்கே இருந்தால், நீங்கள் காற்றையும் நீரையும் சேர்த்து எதிர்க்கிறீர்கள். வற்றத்தின் மூன்றாம், நான்காம் மணி நேரத்தில் இழுப்பு மிக அதிகம். மொத்த நீரில் பாதி அந்த இரண்டு மணி நேரத்தில் போய்விடும். அப்போது ஆழம் குறைந்த ஓரம் பக்கம் ஒதுங்குங்கள், அங்கே இழுப்பு தளர்ந்திருக்கும். அஷ்டமியை ஒட்டி எல்லாம் அடங்கியிருக்கும்.

கேட்வே ஆஃப் இந்தியா எதிரே ஒரு நாள் காற்று செத்துவிட்டது. பதினோரு படகுகள். எல்லோரும் பாயை நிமிண்டிக்கொண்டிருந்தோம். பாய் மெல்ல நிறையவும் செய்தது. கரையைப் பார்த்தால் நாங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். ஒரே ஒரு கிழவர் நங்கூரம் போட்டார். நாங்கள் பின்னே போகப் போக அவர் ‘முன்னேறினார்’. விதி அதற்கு இடம் தருகிறது, கிளம்பும்போது நங்கூரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காற்று திரும்பியபோது அவர் நானூறு மீட்டர் முன்னால் இருந்தார். அதற்குப் பிறகு நான் ஏறும் படகில் நங்கூரக் கயிறு சிக்கில்லாமல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

அந்தேரி: எந்தப் படகு வாங்கலாம்?

முலுண்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தாராவி: எங்கள் சித்தப்பா தொண்டிப் பக்கம். இருபது வருடம் பாய்மர வள்ளத்தில் மீன் பிடித்தவர், திருவிழாவில் படகுப் போட்டியிலும் ஓட்டியவர். இப்போது இங்கே வேலை பார்க்கிறார். அமெச்சூர் தொடரில் அவரைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்க்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். சில தொடர்கள் அமெச்சூர் என்பதற்கு உலகப் பாய்மரச் சம்மேளனத்தின் வகைப்பாட்டைக் கேட்கும். அதில் வகை 1 என்றால் பந்தயத்தைப் பொழுதுபோக்காக மட்டும் செய்பவர். வகை 3 என்றால் பந்தயத்துக்காகவோ, பந்தயத்துக்குப் படகையோ குழுவையோ தயார்செய்யவோ பணம் வாங்குபவர். ஜே 70 வகுப்பில் முழுக்க வகை 1 ஆட்களே இருக்கும் குழுக்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. சித்தப்பா மீனுக்காகப் பணம் வாங்கினார், பந்தயத்துக்காக இல்லை.

கொலாபா, முன்னாள் கடற்படை: இது அநியாயம் சார். இருபது வருடம் கடலில் பிழைத்தவரையும் வாரத்தில் ஒரு நாள் வரும் கணக்காளரையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

திறமை வேறு, கூலி வேறு. விதி கேட்பது இரண்டாவதைத்தான்.

கொலாபா: கடலே அவருக்குத் தொழில். தொழில் என்றால் தொழில்முறைதானே?

இந்த வாதம் நூறு ஆண்டுக்கு மேல் பழையது, அதன் வாசமும் நல்லதில்லை. 1879-இல் இங்கிலாந்தின் ஹென்லி துடுப்புப் படகுப் பந்தயத்தார் அமெச்சூர் யார் என்று வரையறுத்தபோது, கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், கூலியாள் யாரும் அமெச்சூர் ஆகமாட்டார் என்றே எழுதினார்கள். படகு ஓட்டிச் சம்பாதிக்காத கொல்லனும் அதில் விழுந்தான். உடம்பால் உழைப்பவனுக்கு எங்கள் பந்தயத்தில் இடமில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் அன்றைய பொருள். நல்லவேளையாக அதை விட்டொழித்துவிட்டார்கள். நீங்கள் அதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறீர்கள்.

வாஷி: அப்படியானால் ராணுவ வீரர்கள்? அவர்கள் சம்பளத்தோடு பயிற்சி எடுக்கிறார்களே!

வந்தீர்களா. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் தரைப்படையில் இருந்துதான் ஒலிம்பிக் போனார். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் யாரையும் அமெச்சூரா என்று கேட்பதில்லை, அதனால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. வகைப்பாடு கேட்கும் தொடரில் கலந்துகொள்பவர் தாமே விண்ணப்பித்து, தமது வேலை பற்றிய கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லவேண்டும். நான் உட்கார்ந்துகொண்டு யாரையும் வகை பிரிக்கமாட்டேன்.

கொலாபா: சித்தப்பா ஜெயித்தால் கணக்காளர் வருவதை நிறுத்திவிடுவார்.

நிறுத்தமாட்டார். அவருக்கும் சித்தப்பாவுக்கும் வேறு வேறு பலவீனம். சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் ஒருவரை எங்கள் படகில் ஏற்றினோம். காற்றுமானியை அவர் திரும்பியே பார்க்கவில்லை. மீன்வலை மிதவைகளின் பின்னால் நீர் எப்படிக் கீறுகிறது என்று பார்த்து, “அந்தப் பக்கம் இழுப்பு குறைவு, அங்கே போங்கள்” என்றார். மூன்று படகுகளைத் தாண்டினோம். பிறகு சுக்கானைக் கொடுத்தோம். இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது பத்தாம் விதி. அவர் வழிவிடவில்லை, எதிரே வந்தவரைத் திட்டவும் செய்தார். தமிழில் திட்டியதால் எதிரே வந்தவருக்குப் புரியவில்லை. தண்டனையாக இரண்டு சுற்றுச் சுற்றினோம். அடுத்த குறியில் மறுபடியும் அதே கதை, மறுபடியும் இரண்டு சுற்று. தாண்டிய மூன்று படகுகளும் போயின, கூடவே இரண்டும் போயின.

இதோடு இந்த வாதத்தை நிறுத்துங்கள். கொலாபா சார் தனியே தேநீருக்கு வாருங்கள், தொடரலாம்.

பாண்டுப்: நீச்சல் தெரியாது, வரலாமா?

கற்றுக்கொண்டு வாருங்கள்.

தாணே: சர்வதேச இறுதிக்குத் தேர்வானால் படகைக் கப்பலில் அனுப்ப வேண்டுமா?

நடத்துபவர்களே ஒரே மாதிரிப் படகுகளைத் தரும் தொடரென்றால் வேண்டாம். குலுக்கலில் எந்தப் படகு வருகிறதோ அதில் ஓட்டுவீர்கள். சேதத்துக்கு முன்பணம் கேட்பார்கள், திரும்பக் கிடைக்கும் என்று நம்பி அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டுமா என்று அறிவிப்பில் பாருங்கள். ஆம், அதே அறிவிப்புத்தான். விசாவுக்கு முடிவு வந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

அந்தேரி: முலுண்டுக்குச் சொன்னதைப் படித்தேன். ஆனாலும் கையில் பணம் இருக்கிறது.

இன்னொரு முறை படியுங்கள்.

போரிவலி: இந்தியா இதில் எப்போதாவது ஜெயித்திருக்கிறதா?

1982 ஆசிய விளையாட்டில் ஃபாரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் ஃபயர்பால் வகுப்பில் தங்கம் வென்றார்கள். விளையாட்டை நடத்திய நகரம் டெல்லி என்றாலும் பாய்மரப் போட்டி நடந்தது நம் மும்பையில். 2018-இல் ஜகார்த்தாவில் சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 49இஆர் வகுப்பில் வெண்கலம்.

தாராவி: சித்தப்பா ஞாயிறு வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்றுடை, வழுக்காத செருப்பு. லைஃப் ஜாக்கெட் நாங்கள் தருகிறோம், மார்பளவை மட்டும் அனுப்புங்கள். “வள்ளத்தில் நாங்கள் போட்டதே இல்லை” என்பார், அதைக் கேட்காதீர்கள். பத்தாம் விதியை நீங்களே தமிழில் சொல்லிப் பழக்குங்கள்: இடப்பக்கக் காற்று வழிவிடும். பத்தரை மணிக்குப் படகுத்துறையில் இருக்கட்டும். சுக்கான் கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.